நான் அந்த அணியின் தாய் அல்ல

பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியின் வெள்ளிவிழா மலர்ப் பொறுப்பாசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுத்தான் தங்கள் அம்மாவிடம் போனில் பேசினேன் என்பதால் இது வெறும் நம்பிக்கை அல்ல, உறுதியான தகவல். இங்கே நானும் தங்கள் மாமாவும் சௌக்கியம், மாமாவின் இடது முழங்காலைத் தவிர. தாங்கள் அன்புடன் அனுப்பிவைத்த மலரின் மாதிரிப் பக்கங்கள் கிடைக்கப்பெற்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறையும், துடைக்காமல் ஒரு முறையும் படித்தேன். இரண்டு முறையும் அதேதான் எழுதியிருந்தது.

தாங்கள் என் தம்பி மகன் என்பதற்காக இந்தக் கடிதத்தில் நான் எந்தச் சலுகையும் காட்டப்போவதில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதிக்குக் காப்பாளராக இருந்தவள் என்ற முறையில், மரியாதையாக, கடைசி வரி வரைக்கும் 'தாங்கள்' போட்டே எழுதுவது என்று தீர்மானித்து உட்கார்ந்திருக்கிறேன். நான்காம் பக்கத்தில் தாங்கள் எழுதியிருப்பது இது: 'பதிவாளரின் தொலைநோக்கால் உருவாகி, விளையாட்டுத்துறை இயக்குநரின் அயராத ஊக்கத்தால் வளர்ந்த இந்த அணியை, அன்றைய விடுதிக் காப்பாளர் ஒரு தாயாக நின்று அரவணைத்தார்.' தாயாக. அரவணைத்தார். டேய், யாரைக் கேட்டுடா எழுதினே இதை?

சரி, 'தாங்கள்' போயாச்சு. இனிமேல் அது வராது.

உன் மாமா அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கு வழியாக வந்தது. "அரவணைச்சியா? நீயா?" என்று இரண்டு நாளாக வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் கேட்கிறார். மனுஷன் கேட்பதில் தப்பில்லை. அரவணைப்பதற்கு என் கை எப்போது காலியாக இருந்தது? ஒரு கையில் சாவிக்கொத்து, இன்னொரு கையில் குடை, வாயில் விசில். விடுதியில் எனக்கு வைத்திருந்த பெயர் 'பெரிய பூட்டு'. அந்தப் பெயரை நான் உழைத்துச் சம்பாதித்தேன். நீ அத்தையைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து ஒரே வரியில் அதைப் பறித்துவிட்டாய். ஆனால் என் பெயர் போனது பெரிசில்லை. நீ என்னைத் தாயாக்கியதால் இன்னொருத்திக்கு நியாயமாக வரவேண்டியது போய்விட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்த வரியை எடு. அங்கே 'எதிரி' என்று போடு. நான் அந்த அணியை ஒழிக்க என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. செல்போனை அந்தப் பக்கம் வை.

விடுதிக்கும் ஆண்கள் மைதானத்துக்கும் நடுவே ஒரு மதில். பையன்கள் உதைக்கிற பந்து அடிக்கடி அதைத் தாண்டி, எங்கள் பிள்ளைகள் துணி காயப்போடுகிற முற்றத்தில் வந்து விழும். விழுகிற பந்து பறிமுதல். கேட்டுக்கு வெளியே நின்று "மேடம், பந்து மேடம்" என்று கெஞ்சுவார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவேன். பந்து எல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ராத்திரி உன் மாமா செருப்பைத் தேடிக் காலை விட்டால் நாலு பந்து உருண்டு வரும். இப்படி இருக்கும்போது ஒரு நாள், வேதியியல் முதலாண்டுப் பெண் ஒருத்தி அப்போதுதான் அலசிப் போட்டிருந்த போர்வை மேல் ஒரு பந்து சேறோடு வந்து விழுந்தது. அவளை எல்லாரும் 'ஊசி' என்று கூப்பிடுவார்கள். உடம்பும் ஊசி, வாயும் ஊசி. வந்த ஆத்திரத்தில் அவள் அந்தப் பந்தை ஓங்கி ஒரு உதை விட்டாள் பார், மதிலைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, அந்தக் கோடியில் இருந்த கோலுக்குள்ளேயே போய் விழுந்தது என்று பையன்கள் சொன்னார்கள். பையன்கள் பேச்சை நான் அப்படியே நம்புகிறவள் இல்லை. ஆனால் கைதட்டினது எனக்கே கேட்டது.

கூப்பிட்டு நிறுத்தினேன். "என்ன இது?"

"பந்து மேடம்."

"அது தெரியுது. காலால ஏன் தொட்டே?"

"கையால தொட்டா ஃபவுல் மேடம்."

அன்றைக்கே புதிதாக ஒரு விதி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்: விடுதி வளாகத்துக்குள் பந்து விளையாடக்கூடாது. நீ எழுதியிருக்கிறாயே 'அணி உருவான பொன்னாள்' என்று, அந்தப் பொன்னாளில் நடந்தது இதுதான். மறுநாள் காலையில் அந்த விதிக்கு முன்னால் ஒரு கூட்டம். அதுவரைக்கும் பந்து விளையாடலாம் என்ற எண்ணமே இல்லாத பிள்ளைகளுக்குக்கூட, 'ஓ, இப்படி ஒண்ணு இருக்கா' என்று அப்போதுதான் தோன்றியிருக்கிறது.

அதோடு விட்டதா? ஒரு வாரம் கழித்து ஊசி ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். கூடவே கணிதத்துறைப் பெண் ஒருத்தி. 'பீரோ' என்று பெயர். கதவில் வந்து நின்றாள் என்றால் அறைக்குள் லைட் போட வேண்டும், அப்படி ஒரு ஆகிருதி. விஷயம் என்னவென்றால், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கம்பி இதெல்லாம் பறிமுதல் செய்கிறபோது பிள்ளைகள் முணுமுணுக்கக் கூடாதே என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஒரு விதி எழுதியிருந்தேன்: 'விடுதியில் பறிமுதலாகும் பொருள்கள் விடுதி மாணவிகளின் நலனுக்கே பயன்படுத்தப்படும்.' என் கையெழுத்து, என் கையொப்பம். "எங்க நலனுக்கு அந்தப் பந்தெல்லாம் வேணும் மேடம். விடுதிக்குள்ள விளையாட மாட்டோம், அதுக்கு விதி இருக்கு," என்றாள் ஊசி, பவ்யமாக. என்ன செய்வது சொல்லு. நான் யாரை வேண்டுமானாலும் எதிர்ப்பேன். என் விதியை எதிர்க்க மாட்டேன். கட்டிலுக்கு அடியில் பீரோவை நுழைய விட்டால் கட்டிலோடு எழுந்துவிடுவாள் என்பதால் நானே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிவிட்டேன். உன் மாமா அன்றைக்குத்தான் பல மாதத்துக்கு அப்புறம் தன் செருப்பைப் பார்த்தார்.

அப்புறம் அவர்கள் விளையாடினது விடுதி மதிலுக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் இருந்த சந்தில். அது விடுதி வளாகத்தில் சேராதாம், வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அங்கே கோல் போஸ்ட் என்பது நான் துணி காயப்போடுகிற இரண்டு கம்பம். வலை என்பது அதில் காய்கிற துணி, அதாவது உன் மாமாவின் சட்டை. அவருடைய சட்டை ஒவ்வொன்றிலும் முதுகில் வட்டமாக ஒரு சேற்றுத்தடம். ஆபீசில் இவரை வீட்டில் யாரோ தினமும் உதைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பி, கூட வேலை பார்க்கிற ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டு, "எதா இருந்தாலும் மனசு விட்டுப் பேசுங்க சார்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். நீ எழுதின வரலாற்றில் 'எளிய வசதிகளுடன் பயிற்சி' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த எளிய வசதி உன் மாமாவின் முதுகு.

நான் சும்மா இருப்பேனா? கேட் மூடுகிற நேரம் தாண்டி வருகிறவள் விடிகாலையில் விடுதியைச் சுற்றி ஓடவேண்டும் என்று தண்டனை வைத்தேன். மற்றபடி விடிவதற்கு முன் யாரும் வெளியே கால் வைக்கக்கூடாது. அவ்வளவுதான், கரெக்டாகச் சந்தில் விளையாடுகிற அந்தப் பதினோரு பேரும் தினமும் ஒரே ஒரு நிமிஷம் லேட்டாக வந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு சுற்றை நான்காக்கினேன், நான்கை எட்டாக்கினேன். நானே விசிலோடு நின்று விரட்டினேன். நான் நீளமாக ஒரு ஊது ஊதினால் வேகத்தைக் கூட்ட வேண்டும். அப்போது எவளாவது தளர்ந்தால் எல்லாருக்கும் இன்னொரு சுற்று. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, பனியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் இதைச் செய்தேன். முதலில் மூச்சு வாங்கிச் சுருண்டு உட்கார்ந்த பிள்ளைகள், போகப் போக எட்டாவது சுற்றில் எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். இவ்வளவு தண்டித்தும் திருந்தவில்லையே என்று எனக்கு ஒரே மனக்கஷ்டம்.

அடுத்தது சத்தம். குறைகள் பெட்டியில் யாரோ ஒரு சீட்டுப் போட்டிருந்தார்கள்: சந்தில் விளையாடுகிறவர்கள் கத்துகிற கத்தலில் படிக்க முடியவில்லை என்று. சரியான புகார், சரியான நேரம். 'விளையாடும்போது வாயைத் திறந்தால் பந்து பறிமுதல்' என்று உத்தரவு போட்டேன். பேசாமல் எப்படி விளையாடுவார்கள், நாலு நாளில் தானே விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். விட்டார்களா? புருவத்தைத் தூக்கினால் ஒரு அர்த்தம், மூக்கைச் சொறிந்தால் ஒரு அர்த்தம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். பீரோ வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரே நேரம் அதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பதினோரு பேர் ஊமைப்படம் மாதிரி ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது உன் 'அயராத ஊக்கம்' இயக்குநருக்கு வருகிறேன். வேறொரு கல்லூரிப் பெண்களோடு விளையாட அனுமதி கேட்டு ஊசி அவரிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கூட வர ஒரு பெண் பொறுப்பாளர் வேணும். யார் இருக்கா? போய்ப் படிங்க," என்று அனுப்பிவிட்டார். இது நடந்தது. இதற்குமேல் அவர் சொன்னதாக ஊசி என்னிடம் வந்து சொன்னது இன்னும் ஒன்று: "உங்க வார்டன் கேட்டுக்குள்ளதான் புலி, வெளியே வந்தா உங்க பதினோரு பேரைக்கூட அடக்க முடியாதுன்னு சொல்றார் மேடம்." யாரைப் பார்த்து? எனக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. நேரே அவர் அறைக்குப் போனேன். "நான் கூட்டிட்டுப் போறேன். இருட்டறதுக்குள்ள பதினோரு பேரையும் எண்ணிக் கொண்டுவந்து உள்ள விட்டுப் பூட்டறேன். பாக்கறீங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கவனி மருமகனே, அணி போட்டிக்குப் போனது இயக்குநரின் ஊக்கத்தால் அல்ல, என் ரோஷத்தால்.

'முதல் போட்டியிலேயே வெற்றிக்கொடி நாட்டினர்' என்று எழுதியிருக்கிறாய். எங்கே நாட்டினார்கள்? நான் அங்கே குடையோடு உட்கார்ந்திருந்தவள், கேள். நடுவர் லேட்டாக வந்தார், ஆட்டம் லேட்டாக ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் காது கிழியக் கத்திக்கொண்டு விளையாடுகிறார்கள். நம் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. பாதி ஆட்டத்தில் நடுவர் என்னிடம் வந்து, "இவங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?" என்று விசாரித்தார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் கோல் போடவில்லை, வெளிச்சம் குறைகிறது. இயக்குநரிடம் இருட்டுவதற்குள் என்று சவால் விட்டு வந்திருக்கிறேன். என் கண் வானத்தையே பார்க்கிறது. பழக்கதோஷம், 'கிளம்புங்கடி' என்கிற அர்த்தத்தில் விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு ஊது ஊதிவிட்டேன்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் நடுவர்தான் ஊதினார் என்று அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்துவிட்டாள். நம் பிள்ளைகளுக்கு அந்த விசிலைக் கேட்டால் வேறு அர்த்தம். தளர்ந்தால் இன்னொரு சுற்று. கால் தானாக வேகம் பிடித்தது. பந்து ஊசியிடம் இருந்தது. நிற்கிறவர்களுக்கு நடுவே புகுந்து போய் உள்ளே தள்ளிவிட்டாள். அதுதான் அந்த அணி போட்ட முதல் கோல். பீரோ அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடி வரைக்கும் ஓடி வந்து ஊசியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். நானும் எழுந்து குதித்தேன் என்று உன் மாமா ஊரெல்லாம் சொல்வார். அவர் அங்கே இல்லவே இல்லை. காற்றில் குடை தூக்கிவிட்டது, அவ்வளவுதான்.

நடுவருக்குக் குழப்பம். "யார் ஊதினது?" என்று கேட்டார். நம் பிள்ளைகள் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை என்றதும் அவர் கோல் என்று கையைக் காட்டப் போனார். நான் மைதானத்துக்குள்ளே நடந்துபோனேன். "நான்தான் ஊதினேன். கோல் செல்லாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த டீம்?"

"எந்த டீமும் இல்ல. நான் வார்டன்."

கோலை ரத்து செய்தார். அடுத்த சில நிமிஷத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள், நம் பிள்ளைகள் தோற்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. இது என் உத்தரவால் வந்த மௌனம் இல்லை. பீரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பாதி வழியில் ஊசி எழுந்து என் சீட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேடம், அடுத்த தடவையும் விசில் கொண்டு வாங்க. நீங்க ஊதறதுக்கு முன்னாடியே போட்டுடறோம்," என்றாள். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஆட்டத்தில் நான் குடையை விரிப்பதற்குள் கோல் போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பதிவாளர் கதை சின்னது, சொல்லிவிடுகிறேன். 'தொலைநோக்கு' என்று எழுதியிருக்கிறாயே, அவர் பார்த்தது எல்லாம் கிட்டநோக்குத்தான். மைதானம் ஆண்களுக்கே போதவில்லை, பெண்களுக்குக் கிடையாது என்று உத்தரவு போட்டார். ஊசியும் கூட்டமும் மதிய இடைவேளையில் அவருடைய அலுவலகத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் விளையாட ஆரம்பித்தார்கள். பந்து தினமும் ஜன்னல் வழியாக அவர் மேஜையில் வந்து இறங்கியது. ஒரு நாள் டிபன் பாக்ஸில், ஒரு நாள் மைக்கூட்டில், ஒரு நாள் பேராசிரியர்கள் கூட்டத்துக்கு நடுவில். "சாரி சார்" என்று பீரோ ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் நிற்பாள், அறையே இருட்டாகிவிடும். கடைசியில் மனுஷன், "எங்கேயாவது போய்த் தொலைங்க, சாயங்காலம் மைதானத்தை எடுத்துக்குங்க," என்று எழுதிக் கொடுத்தார். 'போய்த் தொலைங்க' என்பது தொலைநோக்கு என்றால், சரி, வைத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் நான்கு பக்கத்தையும் விரலை வைத்துக்கொண்டு தேடினேன். பதிவாளர் இருக்கிறார், இயக்குநர் இருக்கிறார், நான் இருக்கிறேன், மைதானத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தவர்கூட இருக்கிறார். ஊசி எங்கேடா? பீரோ எங்கே? மிச்ச ஒன்பது பேர் எங்கே? 'மாணவிகள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று ஒரு அரை வரி. முதல் வருஷத்துப் போட்டோவைப் போட்டிருக்கிறாய். நாற்காலியில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம், பின்னால் பிள்ளைகள் நிற்பார்கள். பக்கத்தில் இடம் பற்றவில்லை என்று மேல் பாதியை வெட்டிவிட்டாய். இருக்கிறது மூன்று கிழங்கட்டைகள். இயக்குநரின் தோளுக்குப் பின்னால் பீரோவின் கை மட்டும் கொஞ்சம் தெரிகிறது. பெண்கள் கால்பந்து அணியின் வரலாற்றில் ஒரு பெண்ணின் கால்கூட இல்லை.

எல்லாரும் ஊக்குவித்தோம், எல்லாரும் அரவணைத்தோம் என்றால், அந்தப் பிள்ளைகள் யாரோடுடா மோதினார்கள்? நாங்கள் வேண்டாம் என்றோம், முடியாது என்றோம், பூட்டினோம், பிடுங்கினோம். அவர்கள் அத்தனையையும் தாண்டி எடுத்துக்கொண்டார்கள். நீ இப்போது பூசி மெழுகி, நாங்கள் கொடுத்ததாக எழுதினால், அவர்கள் வென்றது தானமாக வாங்கினதாகிவிடும். அந்தப் பிள்ளைகள் எனக்கு எதிராக ஜெயித்தார்கள் மருமகனே. நான் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும், சின்ன வயசில் என்னிடம் வாங்கியிருக்கிறாய். என்னை ஜெயிப்பது என்றால் சும்மாவா? அந்தப் பெருமையை அவர்களிடம் இருந்து எடுக்க உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது, கோபத்தில்தான்.

ஆகவே, தாய் வேண்டாம், எதிரி என்று போடு. ஊசியின் பெயரை முதல் வரியில் போடு. போட்டோவை முழுசாகப் போடு. இடம் பற்றவில்லை என்றால் கீழ்ப் பாதியை வெட்டு, எங்கள் மூன்று பேர் முகம் இல்லாமல் உலகம் ஓடும். இதெல்லாம் செய்யாவிட்டால் விழாவுக்கு நான் வரமாட்டேன். கார் அனுப்பாதே. அனுப்பினால் கேட்டைத் திறக்க மாட்டேன், பூட்டுவதில் எனக்கு இருக்கிற அனுபவம் உனக்குத் தெரியும்.

உன் மனைவி எப்போதும் சிரித்த முகமாக இருக்க என் ஆசீர்வாதம். உன்னோடு குடித்தனம் நடத்த அது தேவைப்படும். குட்டிப் பெண்ணுக்கு முத்தம். அவளை ஓடவிடு, உட்காரவைக்காதே. உன் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வை. மாமா உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

இப்படிக்கு,
உண்மையை விட்டுக்கொடுக்காத உன் அத்தை,
பெரிய பூட்டு (ஓய்வு)

பின்குறிப்பு: சரிபார்க்காமல் எதையும் வெளியே அனுப்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. வேதியியலை முடித்த கையோடு மருத்துவம் படித்து, ஊசி இப்போது எலும்பு டாக்டர். உன் மாமாவின் முழங்காலை அவள்தான் பார்க்கிறாள். கவரை ஒட்டுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் போட்டு இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன். அவள் பெயரைப் போடச் சொன்ன இடம் வந்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எங்க எல்லாருக்காகவும் சண்டை போடறீங்களா மேடம்?" என்றாள். அதோடு போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"ஆனா மேடம், ஒரு விஷயம் சொல்லணும். கோபப்படக் கூடாது," என்று ஆரம்பித்தாள். பந்து எல்லாம் தற்செயலாக வந்து விழவில்லையாம். என்னுடைய பறிமுதல் விதியைப் படித்த பிறகு, பையன்களுடைய ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுத்து, அதற்குக் கூலியாகப் பந்தை மதிலைத் தாண்டி உதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஒரு நிமிஷம் லேட்டாக வந்தது வேண்டுமென்றே. "விடியறதுக்கு முன்னாடி எங்களை வெளியே விட வேற வழியே இல்லையே மேடம். அதுவும் நீங்க விரட்டினாத்தான் ஓடுவோம்." குறைகள் பெட்டியில் சீட்டுப் போட்டதும் ஊசியேதான். பீரோ கத்திக் கத்தித் திட்டத்தை எல்லாம் எதிராளிக்குக் கேட்கும்படி செய்துவிடுவாளாம்; யார் சொன்னாலும் கேட்க மாட்டாள், என் உத்தரவு என்றால் கேட்பாள். இயக்குநர் பாவம், என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை பேசவே இல்லை.

"அப்போ உனக்கப்புறம் வந்த பிள்ளைகள்?" என்றேன். கேப்டன் மாறும்போதெல்லாம் கையில் கட்டுகிற பட்டையோடு, வார்டனை எப்படி நடத்துவது என்பதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம். அது அந்த அணியின் வழக்கமாம். பத்தொன்பது வருஷம்! நான் தாயும் இல்லை, எதிரியும் இல்லை. அவர்கள் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், நான் விசிலை ஊதிக்கொண்டு செய்திருக்கிறேன். எனக்கே தண்ணி காட்டியிருக்கிறார்கள். "ஏண்டி, ஒரு தடவையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன். "சொன்னா நிறுத்திடுவீங்க மேடம்," என்றாள். உண்மைதான், நிறுத்தியிருப்பேன். உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு இனி ஒரு வருஷத்துக்குச் சிரிக்க இது போதும். விழாவுக்கு நான் வருகிறேன். ஊசி வந்து கூட்டிப்போகிறாளாம், பீரோ பின் சீட்டில் இருப்பாளாம், கார் வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "அந்த முதல் மேட்ச் விசில்? அதையும் நீங்கதான் ஏற்பாடு பண்ணினீங்களா?" பண்ணியிருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் ஆசைதான்.

"இல்ல மேடம். அது மட்டும் நீங்களா பண்ணினது. அதை நாங்க இன்னும் மன்னிக்கல."

ஆகவே மருமகனே, என்னைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. 'எதிரி' என்றும் போடாதே, அந்த யோக்கியதையும் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. என் பெயருக்கு நேரே 'அணியின் முதல் கோலைக் கெடுத்தவர்' என்று போடு. எழுத்து கொஞ்சம் பெரிசாகவே இருக்கட்டும். பத்தொன்பது வருஷத்தில் நான் சுயமாகச் செய்தது அது ஒன்றுதான்.